ஸ்கேன் செய்துவிட்டால் காகிதம் வேண்டாமா? டெவலப்பர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் ஒரு மென்பொருள் டெவலப்பர். பழைய அறக்கட்டளை ஒன்றுக்கு ஆவண மேலாண்மை மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது: "குத்தகைப் பதிவேடு, கணக்குப் பேரேடு, கடிதக் கோப்பு என்று ஓர் அறை நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, டேட்டாபேஸில் ஏற்றிவிட்டால் காகிதத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். காகிதப் பதிவும் டிஜிட்டல் ஆவணமும் ஒன்றுதானா? நான் எதைக் கவனிக்க வேண்டும்?"

ஒன்றல்ல. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஸ்கேன் பெரும்பாலும் கொண்டுவந்துவிடும். யார் எழுதினார், எப்போது எழுதினார், பிறகு யார் திருத்தினார், நடுவில் எதையாவது செருகினார்களா, பதிவேடு முழுதாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்குக் காகிதம் தானாகவே பதில் வைத்திருக்கும். டிஜிட்டலில் யாராவது உட்கார்ந்து நிரல் எழுதினால்தான் அந்தப் பதில் இருக்கும். இந்தத் திட்டத்தில் அந்த ஆள் நீங்கள்தான். அதனால் முதல் டேபிளை வடிவமைக்கும் முன்பு ஒரு பதிவேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அசலையே எடுங்கள்.

பழைய அலுவலகப் பதிவேடு என்றால் முதல் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கும்: இந்தப் பதிவேட்டில் 1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன என்று எழுதி, தேதியிட்டு, பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் எண் இருக்கும். உள்ளே ஒரு வரி தவறிப்போனால் அழிக்க மாட்டார்கள். படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவார்கள். பிற்பாடு செருகிய வரி என்றால் மையின் நிறம் மாறியிருக்கும், எழுத்து நெருக்கமாக இருக்கும், வரிசை எண்ணுக்குப் பதில் 17-அ என்று இருக்கும். ஆண்டு முடிவில் மிச்ச இடத்தில் குறுக்குக் கோடு போட்டு மூடியிருப்பார்கள், அடியில் யாரும் புதிதாக எழுதிவிடாதபடி. ஒரு தாளைக் கிழித்தால் தையலில் தெரியும்.

இதையே உங்கள் மொழியில் பாருங்கள். பக்க எண்ணிக்கைச் சான்று முழுமைக்கான சரிபார்ப்பு. சுருக்கொப்பத்துடன் கூடிய அடித்தல், பழைய மதிப்பும் புதிய மதிப்பும் மாற்றியவர் பெயரும் சேர்ந்த ஆடிட் லாக். குறுக்குக் கோடு, ரெக்கார்டைப் பூட்டி வைப்பது. தைத்த புத்தகம், வரிசையை மாற்ற முடியாத, சேர்க்க மட்டுமே முடிகிற சேமிப்பு. கணினி வருவதற்கு முன்பே குமாஸ்தாக்கள் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவந்தார்கள். நாம் ஸ்கேன் செய்து, 'வெற்றுப் பக்கங்களை நீக்கு' என்ற டிக் பாக்ஸை அழுத்தி, 200 பக்கப் பதிவேட்டை 163 பக்க பிடிஎஃப் ஆக்கிவிட்டால், அந்தச் சான்று பொய்யாகிவிடுகிறது. காலிப் பக்கம் காலியாக இருந்தது என்பதும் ஒரு செய்தி. அதையும் ஸ்கேன் செய்யுங்கள், அட்டை, முதுகு, உள்ளே செருகிய துண்டுச்சீட்டு உட்பட.

சரி, எல்லாப் பக்கத்தையும் எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். படம் அசலைப் போலவே இருக்கும் என்று நம்பலாமா? டெவலப்பர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் 2013-இல் நடந்தது. டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்ததில் அறைகளின் பரப்பளவு மாறியிருந்ததை ஆராய்ந்தார். அசலில் மூன்று அறைகளுக்கு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று வேறு எண்கள். ஸ்கேனில் மூன்றுமே 14.13. எழுத்து மங்கவில்லை, கலங்கவில்லை. பளிச்சென்று, சரியான இடத்தில், தவறான எண். வேறு தாள்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது.

இத்தனைக்கும் அங்கே ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்துகளைப் படித்து உரையாக மாற்றுவது) எதுவும் நடக்கவில்லை. காரணம் ஜேபிக்2 என்ற பட அமுக்க முறை. பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலெல்லாம் அதையே ஒட்டிவிடும். கோப்பின் அளவு நன்றாகக் குறையும். 'ஒன்றுபோல' என்பதன் வரம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் 6-க்கு பதில் 8 வந்து உட்கார்ந்துவிடும். ஜெராக்ஸ் பிறகு இதற்கான திருத்தத்தை வெளியிட்டது. 2015-இல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமும், காகிதத்துக்கு மாற்றாக வைக்கும் ஸ்கேன்களுக்கு இந்த முறை கூடாது என்றது. மங்கலான படத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். தெளிவான படத்தில் இருக்கும் தவறை, அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே பிடிக்க முடியும். அந்த அசலைத்தான் எடைக்குப் போடலாம் என்கிறார்கள்.

ஆகவே மூலப் பிரதி, படத்தின் எந்த விவரத்தையும் விடாமல் சேமிக்கும் இழப்பில்லாத டிஃப் கோப்பாக இருக்கட்டும். அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் பயனருக்குக் காட்டுவதற்கு. நெடுங்காலத்துக்கு பிடிஎஃப் வைத்துக்கொள்வதென்றால் அதற்கென்றே உருவான பிடிஎஃப்/ஏ இருக்கிறது, 2005 முதல் ஐஎஸ்ஓ தரம். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. எழுத்துரு என்றதும் தமிழர்களாகிய நமக்குப் புரியாமல் இருக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பில் ஒரு பைட்கூடச் சிதையவில்லை. ஆனாலும் படிக்க முடியாது. திஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் என்று பல குறியாக்கங்களில் அடித்துக் குவித்த கோப்புகள் எத்தனையோ நிறுவனங்களில் இன்றும் கிடக்கின்றன. உங்கள் அறக்கட்டளையின் 1990-களின் கணினிக் கோப்புகளிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும்போது அசல் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

டிஜிட்டல் ஆவணத்தின் அடிப்படைத் தன்மை இதுதான். தாளில் இருப்பதைப் படிக்க வெளிச்சம் இருந்து, அந்த மொழியும் தெரிந்தால் போதும். கோப்பு என்பது பைட் வரிசை. அதைச் சரியாகப் பொருள்கொள்ளும் ஒரு மென்பொருள், அந்த மென்பொருளுக்கு ஓர் இயங்குதளம், அதற்கு ஒரு வன்பொருள், இவ்வளவும் அந்த நேரத்தில் கூடிவந்தால்தான் திரையில் ஆவணம் என்று ஒன்று தோன்றும். சங்கிலியில் எது அறுந்தாலும் போச்சு. இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே புத்தகம் தோலில் எழுதியது, இன்றும் படிக்கலாம். அதன் 900-வது ஆண்டுக்காக 1986-இல் பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டே செய்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் பங்களித்த பெரிய திட்டம், இரண்டு லேசர் தட்டுகளில் வெளிவந்தது. ஏகார்ன் கணினியும் அதற்கென்றே செய்த பிலிப்ஸ் பிளேயரும் இருந்தால்தான் ஓடும். பதினைந்து ஆண்டு கழித்து ஓடுகிற பிளேயர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கேமிலியான் திட்டம் 2002-இல், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் எழுதித்தான் அதைத் திரும்ப ஓடவைத்தது.

நம் தொழிலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அப்போலோ 11-இன் வழிகாட்டிக் கணினியில் ஓடிய நிரலை இன்று நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரும் படிக்கலாம். அது ஏதோ பழைய டேப்பிலிருந்து காப்பி செய்து வந்ததல்ல. எம்ஐடியில் இருந்த காகித அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்து, ஆர்வலர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்து மீட்டது. அதே அப்போலோ 11-இன் அசல் தொலையளவு டேப்புகளை, நிலவிலிருந்து வந்த நேரடிப் படக் காட்சி உட்பட, மறுபயன்பாட்டுக்காக அழித்துவிட்டதாகவே நாசா 2009-இல் முடிவுக்கு வந்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். 2020-இல் கிட்ஹப் தன் பொதுக் களஞ்சியங்களை ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவின் பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்தபோது ஹார்ட் டிஸ்க்கில் வைக்கவில்லை. 21 டெராபைட் நிரலை 186 ஃபிலிம் சுருள்களில் பதித்தார்கள், கண்ணால் படிக்கும்படி ஒரு வழிகாட்டியும் சேர்த்து. ஒரு லென்ஸும் வெளிச்சமும் இருந்தால் படிக்கத் தொடங்கலாம் என்பதுதான் ஃபிலிமைத் தேர்ந்ததன் நியாயம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் காகிதம்தான் உயர்ந்தது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். காகிதத்தின் பெரிய பலவீனம், அது ஒரே ஒரு பிரதி. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981-இல் எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. எந்தப் பக்க எண்ணிக்கைச் சான்றும் அவற்றைத் திருப்பித் தராது. ஈழத்து எழுத்துகளை டிஜிட்டலாக்கி எல்லோருக்கும் திறந்துவிடும் 'நூலகம்' என்ற திட்டம் 2005-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. பிரதிகள் பல இடங்களில் இருப்பதன் அருமையை அந்த இழப்பைச் சந்தித்த சமூகத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அறக்கட்டளையின் அறையில் கரையானும் மழைநீரும் எத்தனை பதிவேடுகளைத் தின்றிருக்கின்றன என்று பாருங்கள். டிஜிட்டலாக்குவது அவசியம். காகிதத்தை வெளியே அனுப்புவதற்கான முதல் படியாக அதை நினைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்புறம் டேட்டாபேஸ். இங்கேதான் டெவலப்பர்கள் அறியாமலே அதிகச் சேதம் செய்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு பழைய குத்தகைப் பதிவில் தேதி 'விக்ரம வருஷம் கார்த்திகை மாசம் 5-ந் தேதி' என்று இருக்கிறது. உங்கள் படிவத்தில் தேதிப் புலம் கட்டாயம், காலண்டர் பட்டன் ஒன்று, அவ்வளவுதான். தரவு உள்ளிடும் பெண் என்ன செய்வார்? விக்ரம என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒன்று: 1880-81, 1940-41, 2000-01. எது என்று பக்கத்து வரிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், சில சமயம் அப்படியும் முடியாது. கட்டாயப் புலம் என்பதால் ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டு அடுத்த ரெக்கார்டுக்குப் போவார். அந்த நொடியில் ஓர் ஊகம் உறுதியான தகவலாக மாறிவிட்டது. அதன் பிறகு யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் கணினியில் இருக்கிறது.

இதற்கு மூன்று புலங்கள் வேண்டும்: தாளில் எழுதியிருப்பது எழுதியபடியே, நாம் கணித்த தேதி அல்லது தேதி வரம்பு, கணித்தவர் யார் எதை வைத்து என்பது. அதேபோல 'எழுதவில்லை', 'எழுதியிருக்கிறது, படிக்க முடியவில்லை', 'தாள் கிழிந்திருக்கிறது', 'இன்னும் உள்ளிடவில்லை' ஆகிய நான்கும் நான்கு வேறு நிலைகள். எல்லாவற்றையும் நல் (வெற்று மதிப்பு) என்று போட்டு மூடிவிடாதீர்கள்.

நிலக் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய தமிழ்க் கணக்குகளில் மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. அந்தக் குறிகளில் பெரும்பாலானவை யூனிகோடில் சேர்ந்ததே 2019-இல், பன்னிரண்டாம் பதிப்பில்தான். அதற்கு முன் அவற்றை எழுத்தாக உள்ளிட வழியில்லை. இப்போதும் பல எழுத்துருக்களில் கட்டமாகத்தான் தெரிகின்றன. ஓசிஆர் இவற்றைப் பிடிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அதனால் ஓசிஆர் தரும் உரையைத் தேடுவதற்கான துணையாக மட்டும் தனி டேபிளில் வையுங்கள், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்போடு. நாளை நல்ல கருவி வந்தால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். படம் அப்படியே இருக்கும்.

திருத்தத்துக்கு வருவோம். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் அப்டேட் கட்டளை ஓடியதும் பழைய மதிப்பு போய்விடும். கோடு போட்டு அடித்த தடயம்கூட மிஞ்சாது. பதிவு சார்ந்த டேபிள்களில் அப்டேட், டெலிட் இரண்டுக்கும் அனுமதியே தராதீர்கள். திருத்தம் என்றால் புதிய வரி, பழைய வரியைச் சுட்டிக்கொண்டு. 'நாங்கள் கிட் மாதிரி வைத்திருக்கிறோம், வரலாறு முழுவதும் இருக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டை நானும் தினமும் பயன்படுத்துகிறேன், அருமையான கருவி. ஆனால் கிட் கமிட்டில், அதாவது பதிந்த ஒரு மாற்றத்தில், உள்ள ஆசிரியர் பெயரும் தேதியும் கமிட் செய்பவர் தானே சொல்லிக்கொள்வது. ஒரு சூழல் மாறியை மாற்றினால் போன வருடத் தேதியில் கமிட் போடலாம். ரீபேஸ் செய்து (பழைய கமிட்களை மாற்றி எழுதி) ஃபோர்ஸ் புஷ் அடித்தால் (வலிந்து ஏற்றினால்) பொதுக் கிளையின் வரலாறே வேறாகிவிடும். கையொப்பமிட்ட கமிட், வெளியார் ஒருவர் தரும் நேர முத்திரை, இவை சேர்ந்தால்தான் அது சான்றாக நிற்கும்.

ஹாஷ் பற்றி உங்களுக்குத் தெரியும்: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு மதிப்பு. எப்போது கணக்கிடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்கேனரிலிருந்து கோப்பு விழுந்த உடனே கணக்கிடுங்கள். மூன்று மாதம் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் கிடந்து, சர்வரில் ஏற்றும்போது கணக்கிட்ட ஹாஷ், ஏற்றிய பின் மாறவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும். ஷா-256 போதும். ஷா-1 வேண்டாம்: ஒரே ஷா-1 ஹாஷ் வரும் இரண்டு வேறு பிடிஎஃப்களை 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் செய்தே காட்டிவிட்டன. ஹாஷ் பட்டியலைக் கோப்புகள் இருக்கும் அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு தொகுதி முடிந்ததும் பட்டியலை அச்சிட்டு, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, அறக்கட்டளையின் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இதே பக்கம்தான் வந்திருக்கிறது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 4-ஆம் பிரிவு மின்னணுப் பதிவை ஏற்கிறது. ஒரு பதிவைக் காத்துவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்களில் மின்னணு வடிவம் போதுமா என்பதற்கு 7-ஆம் பிரிவு நிபந்தனை வைக்கிறது: பிற்காலத்தில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும், உருவான வடிவிலோ அதைத் துல்லியமாகக் காட்டக்கூடிய வடிவிலோ இருக்க வேண்டும், எங்கிருந்து எங்கே எந்த நாள் எந்த நேரம் என்ற விவரம் சேர்ந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழ் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பையும் எந்த அல்காரிதம் என்பதையும் எழுத இடம் இருக்கிறது. ஆகவே நீங்கள் போடும் ஹாஷ் புலம் நாளைக்கு ஒரு நிலத் தகராறில் வக்கீல் கேட்டு வாங்கப்போகிற தகவல். இன்னொரு பக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை சில ஆவணங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. உயிலும் அறக்கட்டளையும் அதில் இருக்கின்றன. உங்களுடையது அறக்கட்டளை என்பதால் நிறுவனப் பத்திரம், உயில், கிரயப் பத்திரம் எதையும் ஸ்கேன் இருக்கிறது என்பதற்காகக் கைவிடக் கூடாது. வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கச் சொல்லுங்கள்.

இனி எடைக்குப் போடும் விஷயம். எல்லாக் காகிதத்தையும் என்றென்றும் வைத்திருக்க முடியாது என்பது உண்மைதான். காப்புக் காலம் முடிந்த சில்லறைச் செலவுச் சீட்டு, நகல் பில், அச்சிட்ட சுற்றறிக்கை ஆகியவற்றை முறைப்படி கழிக்கலாம். அதற்கு மென்பொருளில் தனி ஏற்பாடு செய்யுங்கள்: எந்தத் தொகுதி, எந்த விதியின்படி, யார் உத்தரவு, ஸ்கேனை அசலோடு ஒப்பிட்டவர் யார், எத்தனை பக்கம் ஒப்பிட்டார். இந்தப் பதிவு நிரம்பாமல் 'அசல் கழிக்கப்பட்டது' என்ற நிலைக்கு மாற முடியாதபடி நிரலிலேயே தடுத்துவிடுங்கள். குத்தகைப் பதிவேடு, பேரேடு, தீர்மானப் புத்தகம் போன்ற தைத்த புத்தகங்களுக்கு அந்த நிலையே வேண்டாம். அவற்றுக்கு அலமாரி எண், தட்டு எண், கடைசியாக யார் எடுத்துப் பார்த்தார் என்ற மூன்று புலம் போதும்.

வாடிக்கையாளர் இடம் இல்லை என்று சொன்னால், முதலில் தைத்த புத்தகங்களை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது அநேகமாக நகல் பில்லும் சுற்றறிக்கையுமாகத்தான் இருக்கும்.